துப்பாக்கிக்குத் தந்த அறை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. அம்மா நலம். நானும், இருமலைக் கழித்துவிட்டால் நலம்தான். பயிற்சி முகாமில் சுடக் கொடுத்த துப்பாக்கி கைக்குப் பழகிவிட்டதா? அடுத்த மாதத் தேர்வுப் போட்டிக்கு உன் சொந்தத் துப்பாக்கியை எடுத்துப்போக வருவதாக எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இங்கே மூன்று வாரமாக விடாத மழை. என் அறைச் சுவர் வியர்த்து வழிகிறது, தலையணையில் பூஞ்சை. வீட்டிலேயே ஈரம் அதிகம் ஏறாத ஒரே அறையில் உன் துப்பாக்கி இருக்கிறது. எனக்கு மூச்சு இழுத்தபோதுகூட அம்மா, "நீ ஹால்ல படுத்துக்கோ, அந்த ரூம்ல ஆள் படுத்தா அவ துப்பாக்கிக்கு ஆகாது" என்றாள். வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் எதற்கு? இருவரும் ஒன்றாகத்தான் சுடக் கற்றோம். முதல் வருடம் உன்னைவிட என் புள்ளிதான் அதிகம். ஒரு துப்பாக்கிதான் வாங்க முடியும் என்றானபோது அப்பா, "சின்னவளுக்குத்தான் கை நடுங்கல" என்றார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

நீ எழுதி வைத்த சீட்டை நானும் படித்தேன். பஞ்சு வைத்த உறையில் மூடி வைத்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்த் துணியால் துடைத்து, உறையில்லாமல் இரும்பு அலமாரியில் நிறுத்திப் பூட்ட வேண்டும். தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. தோட்டா என் பொறுப்பு. இறுக்கமான மூடி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், எல்லாம் சரியாக இருக்கிறது. துப்பாக்கி அம்மா பொறுப்பு. அவளோ குளிரில் பிள்ளையைப் போர்த்துவதுபோல அதை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, மேலே கம்பளியும் சுற்றி அலமாரியில் பூட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

முந்தாநாள் மனசு கேட்கவில்லை. அம்மாவிடம் திறக்கச் சொன்னேன். குழல் முழுக்கச் செம்புள்ளிகள். "என் கையாலேயே கெடுத்துட்டேனே" என்று அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். துப்பாக்கி பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். "உள்ள ஒண்ணும் ஆகல. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நானே கையை விரிச்சிருப்பேன்" என்றார். அவர் சொன்னபடி நானே தேய்த்துத் துடைத்தேன். மிளகு அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் போகவில்லை.

அம்மாவைத் திட்டாதே. அவளிடம் உண்மையைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. நீ வருவதற்குள் சொல்லிவிடுவேன்.

தேர்வில் நீதான் முதலாக வர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் பொய் இல்லை. போட்டிக்கு முன்னால் குறி சரிபார்க்கப் போவாய் அல்லவா, அப்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ. தோட்டா எடுத்துக் கொடுக்கிறேன். "நீயும் ஒண்ணு சுடுறியாக்கா?" என்று பேச்சுக்காவது ஒரு தடவை கேள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

உன்னைவிட இரண்டே வயது மூத்த,
அக்கா