‘விறகு’ என்று எழுதிய வேம்பு

பரவை,
18.5.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவந்த உன் தம்பி காளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிக்காமல் படி.

மில்லில் இறங்கும் மரத்தைத் தட்டிப் பார்த்து, நிலைக்கு, பலகைக்கு, பெட்டிக்கு, விறகுக்கு என்று சாக்பீஸால் எழுதுவது என் வேலை. கோச்சடையில் நாம் கட்டும் வீட்டு நிலைக்கென்று மாமா கொண்டுவந்த வேம்பு, அடியில் தட்டினால் டொக்கு என்றது. ‘விறகு’ என்று எழுதினேன். பொய் எழுதினால் நாளைக்கு நம் வாசல்தானே உளுத்துப்போகும்? இதற்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாயா? மூன்று நாளாகப் பரோட்டாதான்.

முத்துக்குமரன்


விக்கிரமங்கலம்,
21.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

பரோட்டாவை நல்லாத் தின்னுங்கள்.

நான் பிறந்த வருஷம் அப்பா வைத்த மரம். என் வீட்டு வாசலில் நிற்கட்டும் என்றுதான் வெட்டினார். லோடுமேன்கள் அத்தனை பேர் முன்னால் அதில் ‘விறகு’ என்று எழுதினீர்களே, “மாமா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க” என்று தனியாகச் சொன்னால் என்ன குறைந்துபோகும்? டீயைக்கூடக் குடிக்காமல் வந்தவர், இன்னும் அந்த மரம் நின்ற பக்கம் போகவில்லை. அவர் வராத வீட்டுக்கு நானும் வர மாட்டேன்.

சத்யப்ரியா

பி.கு.: ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர்.


பரவை,
26.5.2025

அன்புள்ள சத்யா,

சோறு நன்றாகவே வந்தது. தனியாகத்தான் இறங்கவில்லை.

தப்பு என்னுடையது. லாரி அவசரத்தில் ஒரு முனையை மட்டும் தட்டிவிட்டு எழுதிவிட்டேன். நேற்று மில் லீவில் நானே அறுத்தேன். கீழே மூன்றடிதான் பொந்து. மாடு கட்ட அடித்த இரும்பு வளையம் உள்ளே துருப்பிடித்துக் கிடந்தது, வாளில் இரண்டு பல் போச்சு. மேலே ஒன்பதடியும் சிவக்கச் சிவக்க வைரம். நிலைக்குத் தாராளம். இன்று எல்லோரையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே அந்த எழுத்தை அழித்தேன். மாமாவுக்குத் தனித்தாளில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், வாசித்துக் காட்டு. நீ இல்லாமல் எனக்கு வீடும் வேண்டாம், நிலையும் வேண்டாம்.

முத்துக்குமரன்


விக்கிரமங்கலம்,
30.5.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வாசித்தேன். அப்பா வெற்றிலையை மென்றபடியே கேட்டார். “அந்த மூணடிய என்ன செஞ்சாராம்?” என்றார்.

“அது விறகுதானாம்ப்பா.”

“வித்துறப் போறாரு. புது வீட்ல பால் காய்ச்ச அதத்தான் அடுப்புல வைக்கணும்னு எழுது. மாப்ள எழுதுனதும் பொய்யாகாதுல்ல.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதன்கிழமை நிலைக்கு மஞ்சள் பூச அப்பா வருகிறார். நான் நாளைக்கே வாரேன்.

நாளை உலை வைக்காதீர்கள். வந்து நான் வைக்கிறேன்.

உங்கள் சத்யா