அண்ணையோட பலெர்மோவில ஒரு நாள்

மொன்றியல்
ஒக்டோபர் 2004

அன்பின் கத்தரின்,

நான் சுகம். நீரும் அம்மாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுறன்.

எங்கட பங்கு ஆக்களோட இத்தாலிக்கு யாத்திரை போய், பலெர்மோவில ஒரு நாள் நிண்டனான். ஜோன்சன் அண்ணை கோயில், சந்தையெல்லாம் சுத்திக்காட்டி, பொரிச்ச சோத்துருண்டை வாங்கித் தந்தார். நல்ல ருசி. பேந்து வீட்டில சாப்பிடேக்க அவற்ற மகள், "சித்தப்பா, போன வருசம் அப்பாவோட போய்க் கொழும்பில யானை பாத்தனாங்கள்" எண்டாள். அண்ணை தலை நிமிரேல்லை.

இந்தத் தையில அப்பான்ர செத்தவீட்டுக்கு விசா இல்லையெண்டு வராத மனுசன்! "பாவம், அவரால வரேலாது" எண்டு சாகக்கிடந்த அப்பாவுக்கு ரெலிபோனில சொன்னது நான்தான்.

ஆரும் இஞ்சால வந்தால் மிளகாய்த்தூள் குடுத்துவிடும். இஞ்சத்தையான் உறைக்குதில்லை.

வேலைக்கு நேரமாச்சு. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையும். அண்ணைக்கு விசா கிடைக்கோணுமெண்டு செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறவ. கொளுத்தட்டும்.

உம்முடைய
பேனாட்