கண்டல் குழிப் போர்

பிப்ரவரி 9

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையை இன்று முதல் இதில் எழுதப்போகிறேன் என்று, கொதிக்கிற மீன்சாற்றுச் சட்டியின் மேல் கை நீட்டிச் சத்தியம் செய்கிறேன். எழுதுகிற நானே பாதியை நம்பப்போவதில்லை.

பெட்டி சாபிள் தீவுக் கரைகளின் ஒளிப்படச் சக்கரவர்த்தி எதெல்பர்ட் கட்ஜோ ஆகிய நான் வடக்குக் கரையைப் படமெடுத்தேன். அங்கே விடுதி முளைத்தது. கிழக்கை எடுத்தேன், உல்லாசக் கப்பல்துறை வந்தது. என் காமிராவுக்கே கொள்ளிக்கண் என்கிறாள் அக்கா மகள் வெர்லின். மிச்சம் இருப்பது, அலையாத்தி மரங்கள் சூழ்ந்த உப்பங்கழியான கண்டல் குழி ஒன்றுதான். புயல் வந்தால் ஊர்ப் படகுகள் எல்லாம் அதற்குள் ஓடி, கண்டல் வேர்களில் கயிற்றைக் கட்டித்தான் பிழைக்கும். வெர்லினுக்குச் சோறு போடுகிற படகும் அப்படித்தான் பிழைத்துவருகிறது. அங்கேயும் கட்டப் பார்க்கிற விடுதிக் கம்பெனியோ, அங்கே மரமே இல்லை, வெறும் சேறு என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் வழக்கு.

"நீ போட்டோ எடுத்துக் குடு மாமா. எதுடா சேறுன்னு கேக்குறேன் அவனுங்கள."

தெருவில் இறங்கினால் எனக்குத் திட்டு வேறு. கடைசித் துவரையும் வீடு வந்து சேர்ந்தபின்தான் இங்கே ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள்; அதுதான் அவிழ்ப்புக் காலம். ஊரில் இன்னும் பறிக்காத துவரை என்னுடையது மட்டும்.

"உன் சோம்பேறித்தனத்துக்கு என் காளை எத்தனை நாளைக்குய்யா கயித்துல நிக்கும்?" என்றாள் எதிர்வீட்டு ஹேசலின்.

பிப்ரவரி 10

குழியைச் சுற்றிக் கம்பிவேலி. வாசலில் கம்பெனிக் காவலன் கெஸ்டர். தெற்குத் தெருப் பையன், மூன்றாள் அகலம்.

"அங்கிள், இது தனியார் இடம். கெளம்புங்க."

"போன புயல்ல உங்கப்பன் படகை எங்கடா கட்டினான்? உன் இடுப்புலயா?"

பதில் இரும்புக் குழாயில் வந்தது. முதல் அடியில் காமிரா சிதறியது. பொறுக்கக் கை நீட்டினேன். பூட்ஸ் கால் கையின் மேல் இறங்கித் திருகியது. மூன்று விரல்கள். ஒடிந்த சத்தம் பக்கத்துத் தீவுகளில் இடி என்று பதிவாகியிருக்கும். நான் அலறவில்லை. (அலறினேன்.)

பிப்ரவரி 11

வலது கை சீமைப்பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். வலிக்குதுடா சாமி.

பிப்ரவரி 12

வெர்லின் மீன் வெட்டுகிற கத்தியோடு வந்து நின்றாள்.

"நாளைக்குக் காலையிலயே மெஷின் வருதாம். வழக்குக்கு முன்னாடியே மரத்தையெல்லாம் புடுங்கிட்டா, சேறுன்னு சொன்னது நிஜமாயிடும்ல? நான் போய் அந்தக் கெஸ்டரக் குத்திட்டு வரேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் இமைக்கவே இல்லை அவள். குத்திவிட்டு ஜெயிலுக்குப் போனால் படகு எதற்கு, குழிதான் எதற்கு? என்ன சொல்லி இவளை நிறுத்துவது?

"கத்தியக் குடு," என்றேன். "துவரை வெட்டணும்."

"கை ஒடிஞ்சவனுக்கு இப்பத்தான் துவரை ஞாபகம் வருதா?"

அப்புறம் அவளுக்கே புரிந்துவிட்டது. இந்த வறட்சியில் தீவில் நல்ல தண்ணீர் ஊறுவது குழியின் தலைமாட்டில் மட்டும்தான். இங்கே பிறந்த கன்றுக்குட்டிக்கும் அந்த வழி தெரியும்; அவிழ்த்துவிட்டால் மொத்த மந்தையும் அங்கேதான் பாயும். அவிழ்ப்புக் காலத்தில் மிதிபட்டவன் யார் மேலும் பிராது கொடுக்க முடியாது. கடைசித் துவரைக்காரன்தான் சங்கு ஊதி அவிழ்ப்பைத் தொடங்கவேண்டும்.

இருவருமாகப் பச்சைக் காயோடு வெட்டிச் சாய்த்தோம். பாதி பிஞ்சு. போகட்டும்.

பிப்ரவரி 13

வரலாறே, குனிந்து கேள்!

விடியற்காலை மெஷின் வேலிக்குள் நுழைந்து மேற்கு மூலை மரங்களைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தபோது ஊதினேன். பத்தாயிரம் கிடாக்கள் புறப்பட்டன. முன்னால் ஹேசலினின் காளை, சர்ச் கோபுர உயரம். கம்பிவேலி நூலாக அறுந்தது. காவலர்கள் கொய்யாக்காய் போல ஆகாயத்தில் பறந்தார்கள். காளை மெஷினைக் கொம்பில் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியது. ஓட்டியவன் கடல் வழியாக வீட்டுக்குப் போனான். ஒருவனுக்குத் தொடை கிழிந்து ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது. அந்த இடத்தை மட்டும் என்னால் பெரிதாக்கி எழுத முடியவில்லை.

நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வெர்லின் அப்பாவின் பழைய காமிராவால், இடது கையால் எடுத்தேன். வேர்கள். வேர்களில் அப்பியிருந்த சிப்பிகள். படகுக் கயிறுகள் அறுத்துப்போட்ட வடுக்கள். பக்கத்தில் ஒரு கிடா யாரையோ முட்டிப் புரட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு படத்தில்கூட கை நடுங்கவில்லை.

பிப்ரவரி 16

நீதிபதி படங்களை வெகுநேரம் பார்த்தாராம். "இதுதான் சேறா?" என்று கம்பெனி வக்கீலைக் கேட்டாராம். வேலைக்குத் தடை. மேற்கு மூலை போனது போனதுதான்.

ஜூலை 1

புயல். கூரை போய்விட்டது. நாளை எழுதுகிறேன், உயிரோடு இருந்தால்.

ஜூலை 4

இருக்கிறேன். ஊரில் ஒரு வீட்டுக்கும் தலை இல்லை. குழியில் மேற்கு மூலை இல்லாததால் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கித்தான் கட்ட முடிந்தது. வெர்லின் படகுக்கு விலா இரண்டு நொறுங்கியது. மிதக்கிறது.

புயலன்று கடைசியாக, காற்று கத்தத் தொடங்கியபின், அப்பன் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான் கெஸ்டர். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எடமில்லடா! அந்த மேற்கு மூலையில போய்க் கட்டு!" என்று கத்தினாள் வெர்லின்.

அவன் கயிற்றை நீட்டியபடி மழையில் நின்றான். அழுதானா, மழையா, யார் கண்டது?

பத்தாயிரம் கிடாக்களை யாரும் இருபதாகக் குறைத்துக்கொள்ளலாம். காளையைக் கோபுரத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். மெஷின் பறக்கவில்லை, சேற்றில் சாய்ந்தது. படங்களில் பாதி நடுங்கித்தான் இருந்தன.

ஆனால் அந்தக் கயிற்றை வாங்கி, கோணிப்போன இந்த மூன்று விரல்களால் வேரில் கட்டியது நான்தான். அது மட்டும் நிஜம்.