பூட்டிய கடைக்கு முன் அறைந்த முரசைப் பற்றி வெண்மணல் துறைக்கு விடுத்த ஓலை

கடலும் குன்றும் எல்லையாக வெண்குன்ற நாட்டைக் காக்கும் பேரரசி நெடுங்கோதைத் தேவியார் நீடு வாழ்க. அவர்தம் ஆணையைத் தலைமேல் தாங்கும் தலையமைச்சர் குன்றூர்ப் பேரெயினன், வெண்மணல் துறை முரசு மன்றத் தலைவர் வண்ணக்கன் சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உமது துறையில் உப்பு விளைக, மீன் பெருகுக, கலம் ஏறியவர் எல்லாரும் நலமாய்க் கரை ஏறுக. இந்தக் கடைசி வாழ்த்தை உமக்கு எழுதக் கை கூசுகிறது. ஏன் என்பதை மேற்கொண்டு வாசித்து அறிவீர்.

ஓர் ஊரின் செய்தியை மற்றோர் ஊரின் கடைக்கு முரசு வழியாகக் கொண்டு சேர்ப்பது முரசுக்குழுவின் தொழில். அக்குழு தன் விருப்பம்போல் அதில் எதையும் குறைத்துவிடாமல் பார்ப்பது உமது தொழில். இது உமக்குத் தெரியாதது அன்று; ஆயினும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டிய நிலைக்கு எம்மைக் கொண்டுவந்து விட்டீர்.

வணிகர்க்கென்று இரண்டு வசதிகள் வழிவழியாக இருந்தன. கடையைப் பூட்டி வெளியூர் செல்பவர், தாம் செல்லும் ஊரின் பெயரை நறுக்கோலையில் எழுதி முரசுமேடையில் மாட்டிச் செல்வார். அவருக்கு வரும் செய்தி அவர் இருக்கும் ஊருக்கே பின்தொடர்ந்து செல்லும். அது பின்செல் முரசு. உரியவர் தம் காதால் செய்தியைக் கேட்டபின், கேட்டார் என்று அனுப்பியவர்க்குத் திரும்ப முழங்குவது மறுமுழக்கம். இவ்விரண்டையும் யாரும் கேட்பதில்லை, வீண் வேலை, நிறுத்திக்கொள்ள ஒப்புதல் தருக என்று முரசுக்குழுத் தலைவர் மருதங்கீரன் விண்ணப்பித்தார். நீரும் தந்தீர்.

யாரும் கேட்பதில்லை என்பதை எந்த மாதங்களில் எண்ணிப் பார்த்தார்கள் என்று நீர் கேட்டீரா? ஐப்பசி முதல் தை வரை எண்ணியிருக்கிறார்கள். அந்த நான்கு மாதமும் கடல் அடைத்துக் கிடக்கும். கலங்கள் மணலில் கவிழ்ந்து கிடக்கும். வணிகர் எல்லாம் தத்தம் கடையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பர். வீட்டில் இருப்பவனுக்குப் பின்செல் முரசு எதற்கு? துறையில் பிறந்து துறையில் வளர்ந்த உமக்கு இது தோன்றவில்லை என்றால், நீர் அந்த விண்ணப்பத்தைப் படிக்கவே இல்லை என்றுதான் கொள்வேன்.

ஒப்புதலுக்கு முன் மூன்று சந்தை நாள்களில் உப்புச் சந்தையில் நின்று உரக்க வாசித்து, மறுப்புண்டா என்று கேட்க வேண்டும் என்பது விதி. நீரோ அறிவிப்போலையை முரசுமேடையின் உட்சுவரில் தொங்கவிட்டீர். அங்கே முரசறைவோரைத் தவிர ஈயும் போகாது. பிறகு மறுப்பவர் எவரும் இலர் என்று தலைநகர்க்கு எழுதினீர். அதை நம்பி என் மோதிரத்தையும் அந்த ஓலையில் பதித்தேன். அந்தப் பழி எனக்கும் உண்டு என்று அரசியார் முன் இன்று காலையே சொல்லிவிட்டேன். உமக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

இனி நடந்ததைக் கேளும். உப்பு வணிகர் பூங்கணியார் கடையைப் பூட்டி, மேல்மருதையில் மரம் வாங்கச் சென்றார். வசதி நின்றுபோனது தெரியாமல், வழக்கம்போல் நறுக்கோலையும் மாட்டிச் சென்றார். மாசி பன்னிரண்டாம் நாள் காலை, முகத்துவாரத்தில் மணல் திரண்டுவிட்டது, கலம் விடற்க என்று அங்குள்ள காவலர் இயக்கன் அவருக்குச் செய்தி விடுத்தார். முரசறைவோர் அதைப் பூட்டிய கடைக்கு முன் மூன்று முறை அறைந்துவிட்டுச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு போய்விட்டனர். மறுமுழக்கம் இல்லாததால், கேட்டாரா இல்லையா என்று இயக்கனுக்கும் தெரியவில்லை. தடை ஒன்றும் வரவில்லையே என்று நம்பிய பூங்கணியார், கலத்தை விடுக என்று உப்பளத்தில் காத்திருந்த தம் தம்பி கொற்றனுக்கு நண்பகலில் மேல்மருதையிலிருந்து முரசு வழியே சொல்லி அனுப்பினார். காலையில் பூட்டுக்குச் செய்தி சொன்ன அதே கைகள்தாம் நண்பகலில் இதையும் அறைந்தன. ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கலம் மணலில் மோதிப் பிளந்தது. நால்வர் நீந்தி வந்தனர். கொற்றன் வரவில்லை, உடல் மறுநாள் ஒதுங்கியது.

இயக்கன் இரு குதிரை மாற்றி வந்து எம் அவையில் நின்று அழுதார். முரசறைவோரைத் தாம் பிடித்துக் கேட்டதாகவும், "கதவு பூட்டியிருந்தா நாங்க என்னய்யா பண்ணுறது? அறையச் சொன்னாங்க, அறைஞ்சோம்" என்று அவர்கள் கைவிரித்ததாகவும் உரைத்தார். அவர்கள்மேல் எனக்குச் சினம் இல்லை. அறையச் சொன்னவர்மேலும் அதற்குத் தலையாட்டியவர்மேலும்தான் சினம்.

இன்னும் ஒன்று உண்டு. அதைக் கேட்டபோது அரசியார் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். கொற்றன் இறந்த செய்தியையும் அந்தப் பூட்டிய கடைக்கு முன்னேதான் அறைந்திருக்கிறார்கள். அக்காவுக்கு முரசு சொல்லியிருக்கும், வந்துகொண்டிருப்பார் என்று கரையில் உள்ளவர்கள் ஈமத்தை நிறுத்திக் காத்திருக்கிறார்கள். அவரோ மேல்மருதையில் மரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அரசியார் ஆணை இது. உமது ஒப்புதல் இந்த ஓலை கண்ட நொடியே செல்லாது. பின்செல் முரசும் மறுமுழக்கமும் இன்றே மீண்டும் ஒலிக்க வேண்டும். அவை ஒலிக்கும்வரை உப்பளத்தில் நிற்கும் நாற்பது கலங்களில் ஒன்றும் நகரக் கூடாது. உமது பதவியைப் பற்றி நீர் திரும்பி வந்தபின் விசாரிப்போம்.

திரும்பி வந்தபின் என்றேன். ஏனெனில் நீர் இப்போதே புறப்படுகிறீர். இந்த ஓலையைக் கொணர்ந்த வீரனையே பூங்கணியாரிடம் அனுப்பியிருக்கலாம். அது உமக்கு எளிது என்பதால் அனுப்பவில்லை. மருதங்கீரனையும் அழைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் எம் குதிரைகளில் ஏறி, வழியில் எங்கும் இறங்காமல் மேல்மருதைக்குச் செல்க. தம்பி இறந்ததை உம் வாயால் அவரிடம் சொல்க. கலத்தை விடுக என்று சொன்னது தாம்தானே என்று அவர் கேட்பார். இல்லை அம்மா, நாங்கள் என்று சொல்லும். அவர் கேட்டுவிட்டார் என்று உறுதியானபின், எமக்கு மறுமுழக்கம் அனுப்பும்.

மாசி பதினான்காம் நாள், அரசியார் இலச்சினையும் என் மோதிரமும் பதித்து விடுத்தது. காத்திருக்கிறோம்.