படுத்தபடி வருவதற்கு ஒரு லாரி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் நலம். நீயும் முதுகைத் தவிர நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் மகன் கேட்பான். உனக்குக் காது மந்தம் என்று உன் மருமகள் என் குரலை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நல்லதற்குத்தான் செய்கிறாள். ஆனால் நான் உன்னிடம் சொல்வதை வீடு முழுவதும் கேட்கவேண்டிய அவசியமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு லாரி வாங்கியிருக்கிறேன்.

திரும்பப் படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தாய். மரத்தடிகள் ஏற்றிய பழைய கனரக லாரி. இப்போதைய லாரிகளைப் போல முகம் தட்டையாக இருக்காது. நம் பெரியப்பாவைப் போல மூக்கு நீண்டது. மர வியாபாரம் நின்றபின் எங்கள் ஊர் மெக்கானிக்கின் பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்தது. மெக்கானிக் அதை உடைத்துப் பழைய இரும்பாகப் போட இருந்தார். ஓடுமா என்று கேட்டேன். "ஓடுறதுக்கென்ன பெரியம்மா, நிக்கிறதுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கும்" என்றார். பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

காரணம் உனக்குத் தெரியும். விழுந்ததிலிருந்து ஒருவேளைச் சாப்பாடு முடியும்வரைகூட உன்னால் உட்கார முடிவதில்லை. ரயில் பெட்டியின் வாசலில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாது. ஆம்புலன்ஸ் வேண்டாம், அதில் ஏறினால் தெருவே கூடி அழுதுவிடும் என்று நீயே சொல்லிவிட்டாய். காரில் நீட்டிப் படுக்க முடியாது. லாரியில் முடியும். பின்பக்கத்தை மூடி அறையாக்கி, கட்டில், மின்விசிறி, சின்ன அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் மகனுக்குச் செய்தி போய்விட்டது. "அம்மா, யாராவது லாரி வாங்குவாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றான். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால்தான் கேட்கவில்லை என்றேன். உன் அத்தான் இருந்திருந்தால் முதலில் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பிறகு போய் டயரை உதைத்துப் பார்த்திருப்பார்.

உன் மகன் குடும்பத்தோடு வெளிநாட்டு வேலைக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் பிழைக்க வேண்டும். உனக்காக அவன் பார்த்துவைத்திருக்கும் முதியோர் இல்லம் சுத்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். என் வீட்டிலும் கீழறை காலியாக இருக்கிறது. எனக்கும் பெருக்கித் துடைக்கத் தெரியும். நீ என்னிடம் வந்துவிடு. லாரி தயாராகும்வரை அங்கே யார் என்ன கேட்டாலும் தலையாட்டி வைக்காதே.

மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. வரிகள் கோணலாகப் போகின்றன. படுத்துக்கொண்டு எழுதியதால் விட்டுவிடுகிறேன். எடுத்த எடுப்பில் "உனக்கென்ன கிறுக்கா" என்று கேட்டிருக்கிறாய். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்றும் கேட்டிருக்கிறாய்.

இடது பக்கம். தச்சர் வழக்கம்போல மார்பு உயரத்தில் குறித்துவிட்டார். நிற்பவர்களுக்கு அல்ல, படுத்திருப்பவளுக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நானே கட்டிலில் படுத்து, என் கண் எங்கே இருக்கிறதோ அங்கே கோடு போடுங்கள் என்றேன். கோட்டைப் போட்டுவிட்டு, "இதுவரைக்கும் யாரும் கண்ணுக்கு அளவு கொடுத்ததில்லம்மா" என்றார்.

சரக்கு வண்டி என்றிருந்த பதிவைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போயிருந்தேன். அங்கிருந்த குமாஸ்தாவுக்குக் குறும்பு அதிகம். "என்ன லோடு அடிக்கப்போறீங்க பாட்டி?" என்றான். என் தங்கையை என்றேன். "எத்தனை டன்னு?" என்றான். பள்ளியில் உனக்கு உருளை என்று பெயர் இருந்ததை நான் சொல்லவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது. வாயடிப்பதை விட்டுவிட்டு முத்திரையைக் குத்தப்பா என்றேன். குத்தினான். புறப்படும்போது, "தங்கச்சியப் பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று எழுந்து நின்று சொன்னான். இதற்குமுன் யாருக்காகவும் எழுந்திருக்க மாட்டான் என்று தோன்றியது.

நடுவில் ஒரு தவறு நடந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். மெத்தை போட்டு, விரிப்பின் மூலைகளைக் கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் சொல்லித்தந்தபடி மடித்துச் செருகி, படுத்துக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னேன். தெருமுனை தாண்டுவதற்குள் முறத்தில் விழுந்த அரிசி போலத் துள்ளினேன். சுவரைத் தட்டினால் இன்ஜின் இரைச்சலில் கேட்கவில்லை. மெக்கானிக் முன்னால் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். அந்த லாரியையே பல வருஷம் ஓட்டியவர், தொட்டில் மாதிரி போகும் என்று அடித்துச் சொன்னவர். இறங்கியதும் என் பல்செட்டைச் சரிசெய்துகொண்டு, இதுவா உங்கள் ஊர்த் தொட்டில் என்று கேட்டேன். "சத்தியமா பெரியம்மா, நான் ஓட்டுனப்ப இப்படித் தூக்கிப் போட்டதே இல்ல" என்று அவரும் முழித்தார்.

இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பிறகுதான் உறைத்தது. அவர் ஓட்டியதெல்லாம் மரம் ஏற்றி. அத்தனை தடிகளைத் தாங்கச் செய்த ஸ்பிரிங் பட்டைகளுக்கு ஒரு கிழவியும் ஒரு மெத்தையும் எம்மாத்திரம்? யானைச் சங்கிலியில் ஆட்டுக்குட்டியைக் கட்டிய கதை. பட்டைகளில் பாதியைக் கழற்றிவிட்டார். வண்டித் தளத்துக்கு அடியில் பாரத்துக்காகப் பழைய இரும்பை வைத்து இறுக்கினார். மறுபடி படுத்து, வயிற்றின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். சிந்தியது கொஞ்சம்தான்.

மழைக்கு முன்னால் வந்துவிடுகிறேன். துணிமணிகளை மட்டும் எடுத்து வைக்கச் சொல். பாத்திரங்கள் வேண்டாம். உன் பாத்திரங்கள் எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

அன்புடன்,
அக்கா

*

அன்புத் தங்கைக்கு,

உன் மகன் பேசினான். படுத்தபடி வந்தாலும், உன் முதுகெலும்பு இருக்கும் நிலையில் இரண்டு நாள் சாலைப் பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "பெரியம்மா, நான் தடுக்கல, டாக்டர்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. நீயும் கோபிக்காதே. புறப்படும் நேரத்தில் பிள்ளை மனம் நொந்து போகக்கூடாது.

டாக்டரின் எண்ணை வாங்கி நானே பேசினேன். பட்டைகளைக் கழற்றியது, டம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், "நீங்க ரோட்டையே மெத்தையா மாத்தினாலும் நான் அனுப்ப மாட்டேன்மா" என்றார். மரியாதையான மனிதர். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

இல்லத்துக்குப் போக நீ சம்மதித்துவிட்டாய் என்றும் உன் மகன் சொன்னான். சரி. அது உன் ஊரிலேயே இருப்பதால் அலைச்சல் இல்லை.

லாரியை என்ன செய்யப்போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மகன் விற்றுவிடச் சொல்கிறான். நடமாடும் கடை போட ஒருவர் கேட்பதாக மெக்கானிக் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று லாரிக்குள் ஏறிப் படுத்தேன். மதியம் முழுவதும் தூங்கிவிட்டேன். வீட்டில் எனக்கு அப்படித் தூக்கம் வந்து வெகுகாலமாகிறது.

மறுநாள் இல்லத்தின் நிர்வாகி அம்மாளுக்குப் போன் செய்தேன். உங்கள் வளாகத்தில் ஒரு வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்டேன். "கார்தானேம்மா, தாராளமா" என்றாள். லாரி என்றேன். "லாரியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தலாம், ஹாரன் மட்டும் அடிக்கக் கூடாது என்றாள். அதில் யார் தங்குவார்கள் என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

ஆகவே நான் வருகிறேன். மெக்கானிக் ஓட்டிவந்து விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்புவார். கட்டில் உன் உயரத்துக்குச் செய்தது, எனக்குக் கால் கொஞ்சம் இடிக்கிறது, பரவாயில்லை. காலையில் வந்து உனக்குத் தலை வாரிவிடுவேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் வகிடு நேராக எடுப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். நீ தூங்கும் நேரத்தில் என் இடத்துக்குப் போய்விடுவேன். தொந்தரவு செய்ய மாட்டேன்.

வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓர் ஆசிரியர் குடும்பம் வாடகைக்கு வருகிறது. பிள்ளைகள் சுவரில் கிறுக்குவார்கள் என்று முன்கூட்டியே சொன்னார்கள். கிறுக்கட்டும் என்றேன். நான் அப்படிச் சொன்னதை நீ நம்ப மாட்டாய், ஆனால் சொன்னேன்.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. உள்ளே இருக்கப்போகிறவருக்கு நான் என்ன உறவு என்று அந்த நிர்வாகி அம்மாள் கேட்டாள். அக்கா என்றேன். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாள். தங்கையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நீ சொல்வதையே அவளிடம் சொல்கிறேன்.

நீ சுகமாக இருக்க வேண்டும். உடனே பதில் போடு. கொஞ்சம் பெரிய எண்ணாகப் பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா