காலை 5.50க்கு எழுதிய எச்சரிக்கை

டிசம்பர் 16, செவ்வாய்

பனி. துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரம். ஆபீசில் பிரிண்டர் மறுபடி அடம். கொட்டச்சேடு பஸ் இன்றும் வரவில்லை, ஜீப்பில் நெருக்கியடித்து வீடு.

எங்கே காட்டெருமை நிற்கிறது என்று ஊருக்குச் சொல்லும் என் வெப்சைட்டில் இன்று போட்டது: பங்களா ரோடு, இரண்டு, மேய்கின்றன. ஓடைப் பாதை, ஒன்றும் இல்லை.

வாட்ஸப் குரூப்பில் போட்டால் குட் மார்னிங் பூக்களுக்கு அடியில் போய்விடுகிறது. அதனால்தான் இது. நான் துண்டு துண்டாக எழுதி வைத்ததை, கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் பக்கங்களாகக் கட்டித் தருகிறது. இணையத்தில் ஏற்றிவிட்டால் முடிந்தது. படம் இல்லை, ஆட்டம் இல்லை, ஒரு கோடு சிக்னலிலும் திறக்கும். ஒரு குறிப்புக்கு ஒரு பக்கம், இன்றோடு 41 பக்கம். கொஞ்சம் பெருமைதான்.

அடுத்த வீட்டு மல்லிகாக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து: "கண்ணு, தேதி மட்டும் போடற. எத்தன மணிக்குப் பாத்ததுன்னும் போட்டீன்னா நொம்ப நல்லாருக்கும்."

"நாளைலருந்து போடறனுங்க அக்கா."

"உன் வெப்சைட்டப் பாத்துட்டுத்தான் சாமி நான் ஊட்ட உட்டே காலெடுத்து வெக்கறேன்."

தினமும் ஓடைப் பாதையில்தான் காப்பிப் பழம் பறிக்கப் போகிறார். கேட்டதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போய் ஓடைப் பாதை வரியை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 17, புதன்

5.50க்கு எஸ்டேட் கேட் வாட்ச்மேன் போன். "ஏனுங்க, ஓடைப் பாதைல, பாறைக்கு மேல மூணு நிக்குதுங்க. ஒண்ணு கன்னுக்குட்டி." கன்றோடு இருந்தால் பொல்லாதது. உடனே எழுதினேன், மணியும் சேர்த்து. கட்டளை. முடிந்தது, 41 பக்கம் என்றது. ஏற்றிவிட்டு உலை வைக்கப் போனேன்.

7.15. போனில் திறந்தால் நேற்றையதே இருக்கிறது. ஓடைப் பாதை, ஒன்றும் இல்லை. மறுபடி கட்டளை. 41. மறுபடி. 41. நேற்றும் 41தானே! புதியதைச் சேர்க்கவே இல்லை. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன. அக்கா வீடு பூட்டு. அக்கா போன் தொடர்பு எல்லைக்கு வெளியே.

7.40. என் வீட்டுக்காரர் பைக்கில் அக்காவைத் தேடிப் போயிருக்கிறார். கேட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் எடு என்று என்னை இங்கே உட்கார வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணல். சோறு குழைந்துவிட்டது. பயம்.

8.20. போன் அடித்தது. எடுக்கவே கை வரவில்லை. எடுத்தால் கேஸ் கம்பெனி.

9.30. அக்கா உயிரோடு இருக்கிறார். ஓடும்போது விழுந்து வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இவர் போனில் அக்கா பேசினார்: "எதுத்தாப்புல கருப்பாத் தெரிஞ்சுது கண்ணு. ஒண்ணுமில்லைன்னு உன்ற வெப்சைட்டுல இருந்துச்சே, பாறையாட்ட இருக்குதுன்னு கிட்டவே போயிட்டேன்."

பாத்திரம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

11.40. எதையும் மாற்றாமல் சும்மா ஒரு தடவை கட்டளை. 42. வந்துவிட்டது. இப்போது வந்து என்ன.

டிசம்பர் 18, வியாழன்

வெயில். துணி காய்ந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் தேடியதில் காரணமும் கிடைத்தது. மணி போட்டால் எந்த நாட்டு மணி என்றும் எழுத வேண்டுமாம். எழுதாவிட்டால் இங்கிலாந்து மணியாக எடுத்துக்கொள்ளும். அங்கே 5.50 ஆகும்போது நமக்கு 11.20. இன்னும் நடக்காத சங்கதி என்று அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டது, வாயே திறக்காமல். பழையபடி தேதி மட்டும் போட்டிருந்தால் காலையிலேயே வந்திருக்கும்.

மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கை கட்டோடு கழுத்தில் தொங்குகிறது. அவர் வீட்டுக்காரர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்கம்மா, காலைல அஞ்சு அம்பதுன்னு போட்டிருக்குது. இவ கெளம்புனது ஆறரைக்கு. கண்ணு அவிஞ்சா போச்சு? நாளைக்கு சேலம் போய்க் கண்ணாடி போட்டுட்டு வர்றோம்."

அக்கா: "நாம் பாத்தப்ப ஒண்ணுமில்லைன்னுதான் தெரிஞ்சுது சாமி. வயசாயிருச்சாட்ட இருக்குது."

நான் வாயைத் திறந்தேன். "சர்க்கர போதுங்களா?" என்று காப்பியை நீட்டியபடி அக்கா வீட்டுக்காரர் கேட்டார். "போதுங்க" என்றேன். குடித்துவிட்டு வந்துவிட்டேன். சீ.

டிசம்பர் 19, வெள்ளி

பனி திரும்பிவிட்டது. 5.20க்கே விழிப்பு.

சொன்னால்: இனி யாரும் வெப்சைட்டை நம்ப மாட்டார்கள், அதனால் வேறு யாராவது மாட்டுவார்கள். (நல்ல சாக்கு.) உண்மையான பயம் அக்காவின் முகம்தான்.

சொல்லாவிட்டால்: கை சரியானதும் அதே பாதையில், தன் கண்ணையே நம்பாமல் நடப்பார்.

கண்ணாடி போட இருவரும் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார்கள்.

6.10. எழுதிவிட்டேன், தேதி மட்டும் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே: 'புதன்கிழமை எச்சரிக்கையை 5.50க்கு எழுதினேன். ஆனால் அது இங்கே வந்தது 11.40க்கு. தவறு என்னுடையது. மல்லிகாக்கா பார்த்தபோது அது இல்லை. அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை.'

கட்டளை. 43. ஏற்றியாகிவிட்டது. போனிலும் பார்த்தேன், மூன்று தடவை.

நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. நடுவில் ஒரு வேலிதான்.

6.35. வேலிக்கு அப்பால் அக்காவின் செருப்புச் சத்தம். நின்றுவிட்டது. காலெடுத்து வைப்பதற்கு முன் போனில் வெப்சைட்டைப் பார்க்கிறார். உள்ளே திரும்பி வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்:

"ஏனுங்க, செத்த இங்க வாங்க. இதப் படிங்க. என்ற கண்ணுக்குத் தெரியறதுதான் எழுதியிருக்குதான்னு பாருங்க."