பதினேழாம் எண்

பிப்ரவரி 6

பாலாற்றங்கரைக் குடும்பங்களின் மனைப்பட்டா மனுவை அடித்து முடித்தேன். முப்பத்தெட்டுப் பெயர். எண்களைக் கணினியே போட்டுக்கொள்கிறது. சங்கத்தின் பெயரை ஒருமுறை அடித்தால் போதும், எல்லாப் பக்கத்தின் தலையிலும் வந்து நிற்கிறது. ஓய்வுக்குப் பிறகு கற்ற வித்தை, கொஞ்சம் கர்வம்தான்.

விமல்ராஜ் வாலாஜாபாத்தில் வீடு வாங்கிப் போய்விட்டான். மனை அளந்த குடும்பங்களின் பட்டியலில் இருக்கும் பெயரை நீக்கக் கூடாதாம், குறிப்பு எழுதினால் போதுமாம். கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: "வரிசை எண் 17, சொந்த வீடு உள்ளவர், பரிசீலிக்க வேண்டாம்."

பிப்ரவரி 8

சங்கச் செயலாளர் தனசேகரன் வந்தார். பொன்னியை விட்டுவிட்டேனாம். ஒன்பதாவதாகச் சேர்த்தேன். கீழே இருந்தவர்கள் தானாக ஒவ்வோர் எண் இறங்கிக்கொண்டார்கள். ஐந்து பக்கத்திலும் மேல்தலைப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, அச்செடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 20

தாலுகா அலுவலகத்தில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். மனுவில் இருந்த மேரி பெயர் இல்லை. ஊரைவிட்டே போன விமல்ராஜ் பெயர் இருக்கிறது.

மேரி பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறாள். வேலையிலிருந்து அப்படியே வந்து, நீலக் கையோடு தனசேகரனை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டாள். "தெருக்குழாய்ச் சண்டைய மனசுல வெச்சிக்கினு என் பேர எடுத்துட்டியேபா. நீயெல்லாம் செயலாளரா?" அவர் எதையோ சொல்லப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். அலுவலகத்தில் தவறியிருக்கும் என்றேன்.

ஜூன் 21

கோப்பைத் திறந்து பார்த்தேன்.

நான்தான்.

புதுப்பிள்ளை சேர்ந்தால் வருகைப் பதிவேட்டில் எல்லா எண்ணும் மாறும். ஆனால் "பதினேழாம் எண் வெளியே நில்" என்று கரும்பலகையில் நேற்று எழுதியது மாறுமா? வேறு பிள்ளையல்லவா எழுந்து வெளியே போகும்! குறிப்பில் இருந்த 17 நான் கையால் அடித்தது. அது அப்படியே நின்றுவிட்டது. பொன்னியைச் சேர்த்ததும் விமல்ராஜ் பதினெட்டு. பதினேழு மேரி.

முப்பது வருடம் கணக்கு டீச்சர். விடையைச் சரிபார், சரிபார் என்று சொல்லியே தொண்டை கட்டியவள். தலைப்பு அழகாக இருக்கிறதா என்று பார்த்தேனே, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி — படித்தேனா?

ஜூன் 22

சொல்லவில்லை.

ஜூன் 26

தனசேகரன் டீக்கடைப் பக்கமே வருவதில்லையாம். இன்றும் சொல்லவில்லை. நாளைக்கு என்று நானே எனக்குத் தவணை கொடுத்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் இப்படித்தான் சொல்லுவார்கள். அவர்களை நான் விட்டேனா?

ஜூலை 1

முதலில் தனசேகரனிடம் போய்ச் சொன்னேன். கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, மேரி வீட்டுக்கு என்னோடு வந்தார்.

மேரி முழுவதும் கேட்டாள். எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டாள். பத்து நாள் என்றேன்.

"எண்ணு மாறிப்போனது இருக்கட்டும் டீச்சர். அதுக்கப்புறமும் நான் இவர வாய்க்கு வந்தபடி பேசிக்கினுதான இருந்தேன். தெரிஞ்சிக்கினே கேட்டுக்கினு இருந்தீங்களா?"



ஜூலை 4

திருத்த மனுவை நான் அடித்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மேரி ஜெராக்ஸ் கடையில் அடித்தே கொண்டுவந்துவிட்டாள். பிழை என்னுடையது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வரிசை எண் என்று எதுவுமே அதில் இல்லை. பெயர், அப்பா பெயர், குடிசைக்கு இரண்டு பக்கமும் யார் வீடு என்று மட்டும் இருந்தது. இதைவிடத் தெளிவாக நான் எழுதியிருக்க மாட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 18

திருத்தப் பட்டியலில் மேரி பெயர் வந்து மூன்று வாரம் ஆகிறது. தனசேகரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் கடைக்கால் போடுவதற்கு வீடு வீடாக அழைத்துக்கொண்டு வந்தாள். தனசேகரன் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். சிரிப்புச் சத்தம் இங்கே கேட்டது. என் வீட்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"வியாழக்கிழமை, டீச்சர். ஆறு மணிக்கு."

உள்ளே வா என்றேன். இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள். எங்கள் தெருவில் என் வீடுதான் கடைசி.

போகத்தான் போகிறேன்.